நாலு வருஷம் தொட்டியில் வளர்ந்த கெளுத்தியை, பிடித்த குளத்திலேயே திரும்ப விடலாமா?

#1 கெளுத்திக்காரன்

வணக்கம். வீடு மாறுகிறேன், மீன்தொட்டியைக் கலைத்தாக வேண்டும். தங்கமீன் ரெண்டு, கௌராமி ஒன்று, இவற்றை ஒரு நண்பர் எடுத்துக்கொள்கிறார். சிக்கல் கெளுத்தியில்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் பையன் குளத்தில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அப்போது சுண்டுவிரல் நீளம். இப்போது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற மீன்களை விழுங்கிவிடும் என்று நடுவில் தடுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன். இனிமேல் இந்தத் தொட்டியே அதற்குப் போதாது.

கடையில் வாங்கிய மீனை வெளியே விடக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இது அந்தக் குளத்து மீன்தானே? பிறந்த வீட்டுக்கு அனுப்புவதில் என்ன தப்பு?

#2 துடுப்பு

விட்டுட்டு வாங்க. இதுக்கெல்லாமா இழை ஓட்டணும்?

#3 பாசிபடிந்தவன்

ஓட்டணும்.

கெளுத்திக்காரன், ஒரு கேள்வி. தடுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். தண்ணீர் ரெண்டு பக்கத்துக்கும் ஒன்றா, வேறு வேறா? பில்டர் எத்தனை? வலை எத்தனை?

#4 கெளுத்திக்காரன்

தண்ணீர் ஒன்றுதான். கண்ணாடியின் கீழே விரலளவு இடைவெளி விட்டிருக்கிறேன். ஒரே பில்டர், ஒரே வலை. ஏன் கேட்கிறீர்கள்?

#5 நுண்ணோக்கி

அவர் ஏன் கேட்டார் என்று நான் சொல்கிறேன். மீன் நோய்களோடு மல்லாடுவதுதான் எனக்குப் பிழைப்பு.

உங்கள் கெளுத்தி குளத்து மீன் என்பது சரி. அது நாலு வருஷமாகக் குளித்த தண்ணீர் குளத்துத் தண்ணீர் இல்லை. தங்கமீன் ஒரு பண்ணையில் பிறந்திருக்கும், கௌராமி வேறு ஏதோ நாட்டில். ரெண்டும் மொத்த வியாபாரியின் தொட்டியில் இன்னும் நூறு வகை மீன்களோடு தண்ணீரைப் பகிர்ந்துகொண்டுதான் உங்களிடம் வந்தன. ஆற்றிலோ குளத்திலோ ஒருநாளும் சந்திக்க வாய்ப்பில்லாத கிருமிகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகிற சத்திரம் நம் வீட்டுத் தொட்டி. அந்தச் சத்திரத்தில் நாலு வருஷம் தங்கிய விருந்தாளியை ஊருக்குள் அனுப்பப் போகிறீர்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆஸ்திரேலியாவில் முர்ரே காட் என்று ஒரு பெரிய நன்னீர் மீன். அந்த மண்ணுக்கே உரியது, வேறெங்கும் கிடையாது. 2003-ல் ஒரு பண்ணையில் அந்த மீன்கள் செத்து மிதந்தன. ஆராய்ந்தபோது சிக்கியது ஒரு வைரஸ். அலங்கார மீனாக வெளியிலிருந்து வருகிற குள்ளக் கௌராமியில் இருந்த வைரஸோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனது. கௌராமி அங்கே கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். நோய்தாங்கி மீன் அப்படித்தான், அதற்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருப்பது போய்விடும். அதே நாட்டுக்கு 1970-களில் தங்கமீன் வழியாகப் புண் நோய் ஒன்றும் வந்து சேர்ந்தது.

#6 கெளுத்திக்காரன்

என் கெளுத்தி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. நாலு வருஷத்தில் ஒரு புள்ளி, ஒரு புண் கிடையாது. வேண்டுமானால் விடுவதற்கு முன் பத்து நாள் மருந்து போட்டு வைக்கிறேன். அப்போது சரியாகிவிடாதா?

#7 நுண்ணோக்கி

என்ன மருந்து? எந்த நோய்க்கு?

கடையில் கிடைக்கிற நீலமும் பச்சையும் வெளி ஒட்டுண்ணிக்கும் பூஞ்சைக்கும் ஓரளவு கேட்கும். வைரஸை அவை தொடாது. மீன் காசநோய் என்று ஒன்று இருக்கிறது. மைக்கோபாக்டீரியா இனம், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளே முடிச்சு முடிச்சாக உட்கார்ந்திருக்கும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டியைக் கழுவினால் நமக்கே அது தோல் புண்ணாக வரும், எனக்கு வந்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன். மீனை உயிரோடு வைத்துக்கொண்டு அது இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வயிற்றைப் பிளந்து மண்ணீரலைப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். பார்த்த பிறகு விடுவதற்கு மீன் இருக்காது.

#8 அலைவரிசை

மன்னிக்கணும், இந்த இழையைப் படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது. உங்கள் கணக்குப்படி ஒரு தடவை பிடிபட்டால் ஆயுள் தண்டனை. கண்ணாடிக்குள் போட்டது நாம். நோயைக் கொடுத்ததும் நாம். இப்போது "உனக்கு நோய் இருக்கலாம், அதனால் உள்ளேயே கிட" என்று சொல்வதும் நாம். நன்றாக இருக்கிறது நியாயம்.

ஓர்கா என்கிற பெரிய கடல் டால்பின்களையே பிடித்து வைத்திருந்து கடலில் விட்டிருக்கிறார்கள். 'ஃப்ரீ வில்லி' படத்தில் நடித்த அந்த ஓர்கா கெய்க்கோவை உலகமே சேர்ந்து கடலுக்கு அனுப்பியது. ஒரு கெளுத்திக்கு இவ்வளவு யோசனையா?

#9 உப்புநீர்

கெய்க்கோ பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். பெரிய மீன் காட்சியகம் ஒன்றில், நோயிருக்குமோ என்று மீனைத் தனியே வைத்துப் பார்க்கிற தனிமைத் தொட்டிப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். அலைவரிசை, உங்கள் கோபம் எனக்குப் புரியாதது இல்லை. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

கெய்க்கோவை ஐஸ்லாந்துக் கடலில் பிடித்தது 1979-ல். அப்போது அதற்கு ரெண்டு வயசு இருக்கலாம். கை மாறிக் கை மாறி மெக்சிகோவில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் சின்னத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. தோலெல்லாம் வைரஸ் மரு. படம் வந்த பிறகு ஊர் உலகமெல்லாம் பணம் திரட்டி, 1996-ல் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்துக்குக் கொண்டுபோய் உடம்பைத் தேற்றினார்கள். 1998-ல் விமானத்தில் ஐஸ்லாந்துக்குக் கொண்டுவந்து விரிகுடாவில் வலையடைத்து வைத்தார்கள். உயிருள்ள மீனைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், படகோடு கூட்டிக்கொண்டுபோய் மற்ற ஓர்காக்களைக் காட்டினார்கள். வருஷக்கணக்கில் இதே வேலை. கெய்க்கோ பக்கத்தில் போகும், பார்க்கும், படகுக்குத் திரும்பிவிடும்.

2002 கோடையில் ஒருவழியாகக் கிளம்பியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி நார்வே கரைக்குப் போனது. போய் என்ன செய்தது தெரியுமா? மனிதர்கள் இருக்கிற இடமாகத் தேடிப்போய் நின்றது. பிள்ளைகள் முதுகில் ஏறி விளையாடினார்கள். ஓர்காக் கூட்டம் எதிலும் சேரவில்லை. 2003 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தது. கடைசிவரை பக்கத்தில் பராமரிப்பாளர்கள் இருந்தார்கள்.

கடலை அது மறக்கவில்லை, நீந்தவும் தெரிந்தது. தன் இனத்தோடு பேசிப் பழகவேண்டிய வயசில் தொட்டியில் தனியாகக் கிடந்ததே, அந்தக் காலத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சரியாக நடந்தவையும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அமெரிக்காவில் டாம்பா விரிகுடாவில் 1988-ல் ரெண்டு இளம் ஆண் டால்பின்களைப் பிடித்து ரெண்டு வருஷம் ஆய்வுக்கு வைத்திருந்தார்கள். 1990-ல் பிடித்த இடத்திலேயே, ரெண்டையும் சேர்த்தே விட்டார்கள். பிழைத்துக்கொண்டன. 2002-ல் சியாட்டில் பக்கம் தாயை இழந்து தனியாகச் சுற்றிய ஓர்காக் குட்டி, ஸ்பிரிங்கர் என்று பெயர். அதன் குரலை வைத்தே அது எந்தக் குடும்பம் என்று கண்டுபிடித்தார்கள். பிடித்து, ஒரு மாசம் வைத்தியம் பார்த்து, வடக்கே அதன் உறவுக்கூட்டம் வருகிற நீரிணையில் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டமும் அதைச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அது தாயாகவும் ஆனது.

ஒரு மாசம், ரெண்டு வருஷம், இருபது வருஷத்துக்கு மேல். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#10 துடுப்பு

நான் #2-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன் :)

#11 அலைவரிசை

> கடைசிவரை பக்கத்தில் பராமரிப்பாளர்கள் இருந்தார்கள்

இது எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், மெக்சிகோ தொட்டியிலேயே கிடந்து சாவதைவிட கடலில் ஒரு வருஷம் சுற்றிவிட்டுச் செத்தது கெய்க்கோவுக்கு நல்லதா கெட்டதா?

#12 உப்புநீர்

நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். கூட வேலை பார்த்தவர்களோடு இதற்காக எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு உயிருக்குப் பின்னால் படகும் வைத்தியர்களும் வருஷக்கணக்கான காவலும் இருந்தன. விடுவதற்கு முன்னால் ரத்தம், தோல், மூச்சு எல்லாம் பார்த்தார்கள். வாளியோடு குளக்கரைக்குப் போகிற நம்மிடம் வாளிதான் இருக்கிறது.

#13 ஓட்டுக்குள்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தது, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பதின்மூன்று வயசில் எனக்கு ஒரு செங்காது ஆமை வாங்கித் தந்தார்கள். ரூபாய் நாணயம் அளவு, பச்சைப் பசேல் என்று. நாலைந்து வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகிவிட்டது, தண்ணீர் நாறியது, கையைக் கடித்தது. ஒரு ராத்திரி அப்பாவும் நானும் பையில் போட்டுக்கொண்டு போய்க் குளத்தில் விட்டோம். ராத்திரி போனோம் என்பதிலேயே தெரிகிறதல்லவா, தப்பு என்று எங்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்பா "போய்ப் பிழைச்சுக்கோ" என்றார். எனக்கு அழுகை வந்தது. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

ரெண்டு வருஷம் கழித்து அதே குளத்தில் மரக்கட்டை மேல் மூன்று ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் காதோரம் சிவப்புக் கோடு. அப்போதுதான் உறைத்தது, அந்த ஊரில் ராத்திரி பையோடு போனது நாங்கள் மட்டும் இல்லை. அந்தக் கட்டையில் முன்பு உட்கார்ந்திருந்த கறுப்பு ஆமையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இவைதான் விரட்டின என்று சாதிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. வெயில் காயும் இடத்துக்கும் தீனிக்கும் இவை நாட்டு ஆமைகளோடு முட்டும் என்று பிற்பாடு படித்தேன். மிசிசிப்பி ஆற்றுப்படுகை ஆமை இது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது.

"போய்ப் பிழைச்சுக்கோ" என்றோம், அது அப்படியே செய்தது.

#14 பாசிபடிந்தவன்

இதை எழுதியதற்கு நன்றி. இந்த மன்றத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு ராத்திரி இருக்கும். எனக்கு ஆமை இல்லை, தொட்டிச்செடி. அது எங்கே போனது என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

செடி என்றால் கேலியாகத் தெரியும். மொனாக்கோவில் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே 1984-ல் ஒரு சதுரமீட்டர் அளவுக்குக் கடற்பாசி ஒன்று கண்ணில் பட்டது. காலெர்பா, தொட்டி அழகுக்காக வளர்க்கிற வகை. மத்திய தரைக்கடலில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவிய பிறகு பிடுங்கி மாளவில்லை. 2000-ல் கலிபோர்னியாவில் தலைகாட்டியபோது பாடம் கற்றிருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் விட்டார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க ஆறு வருஷம் ஆனது.

#15 அலைவரிசை

எல்லாம் சரி, எல்லாரும் அயல் உயிரினத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆமை, பாசி. கெளுத்திக்காரன் கேட்டது உள்ளூர் மீனை, அதுவும் ஒற்றை மீனை. ஒரு மீன் என்ன செய்துவிடும்?

#16 நுண்ணோக்கி

ஒன்று போதாது என்று நினைக்கவேண்டாம். பளிங்கு நண்டு என்று, இறால் போன்ற உடம்பும் கொடுக்கும் உள்ள ஒரு நன்னீர் உயிர் இருக்கிறது, 1990-களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில்தான் முதலில் தென்பட்டது. எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், குஞ்சுகள் எல்லாம் தாயின் அச்சு. மடகாஸ்கரில் வேகமாகப் பரவிவிட்டது. அங்கே "ஒன்றே ஒன்றுதானே" என்பதுதான் கெட்ட செய்தி.

#17 பாசிபடிந்தவன்

நுண்ணோக்கி, கெளுத்திக்கு ஜோடி வேண்டும். அந்த உதாரணம் இங்கே ஒட்டாது. அலைவரிசை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வோம்.

மரபணு வாதத்தையும் யாராவது தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஸ்டீல்ஹெட் டிரவுட் மீனை வைத்து 2007-ல் வந்த ஆய்வு பிரபலம். அடைப்பில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் இனம்பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் அது அடைப்பிலேயே இணைசேர்த்துப் பெருக்கிய மீனுக்கு. குளத்தில் பிறந்து தொட்டியில் வளர்ந்த ஒற்றைக் கெளுத்திக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் மரபணு குளத்து மரபணுதான்.

ஆக மிச்சம் ரெண்டு. ஒன்று நோய். அதற்கு மீன் எண்ணிக்கை முக்கியமே இல்லை, ஒரு மீன் தாராளமாகப் போதும். இன்னொன்று, அந்தக் கெளுத்தியின் கதி. கெளுத்திக்காரன், ஒரு நாள் அதை உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். காலையில் நீங்கள் அறைக்குள் வரும்போது அது என்ன செய்கிறது?

#18 கெளுத்திக்காரன்

பார்த்தேன். எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு விளக்கைப் போடும் முன்பே செருப்புச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டது. தீனி டப்பா மூடியை நகத்தால் ரெண்டு தட்டுத் தட்டுவேன், அது பழக்கம். முதல் தட்டுக்கே மேலே வந்துவிட்டது. மீசை தண்ணீருக்கு வெளியே தெரிய, வாயைத் திறந்து திறந்து மூடியது. குனிந்து என் நிழலை அதன் மேல் விழவைத்தேன். ஒதுங்கவில்லை, நிழலுக்குள்ளேயே வந்தது. பையன் விரலைத் தண்ணீரில் வைத்தால் மீசையால் தடவும்.

தீனி குச்சித் தீனி. உயிரோடு எதையும் அது துரத்திப் பிடித்து நான் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது.

எழுதும்போதே புரிகிறது. குளத்தில் மேலே விழுகிற நிழல் கொக்கினுடையது.

#19 உப்புநீர்

அதேதான். கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாக் காட்சியகத்தில் தாயில்லாத கடல் நீர்நாய்க் குட்டிகளை வளர்த்துக் கடலில் விடுகிறார்கள். பராமரிப்பவர்கள் முகத்தில் வெல்டிங் முகமூடியும் உடம்பில் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டுதான் பக்கத்திலேயே போவார்கள். மனித முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் குட்டியின் மனசில் முடிச்சு விழக்கூடாது. வளர்ப்புத் தாயாக ஒரு பெரிய நீர்நாயையே கூட விடுகிறார்கள், கிளிஞ்சலை உடைக்க அதுதான் கற்றுக்கொடுக்கும். உங்கள் வீட்டில் டப்பா மூடி கற்றுக்கொடுத்திருக்கிறது. உங்கள் தப்பு இல்லை, யார் வளர்த்தாலும் இப்படித்தான் ஆகும்.

அலைவரிசைக்காக இன்னொன்று. தொட்டியிலிருந்து கடலுக்கு வழியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியாவின் ராஜா அம்பட் பகுதியில் வரிக்குதிரைச் சுறா கிட்டத்தட்ட அற்றுப்போய்விட்டது. காட்சியகங்களில் இருக்கிற சுறாக்களையே கொண்டுபோய்க் கொட்டலாமே என்று தோன்றும். கொட்டவில்லை. தாய் தகப்பனின் மரபணுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, முட்டையை மட்டும் அனுப்பினார்கள். அங்கேயே குஞ்சு பொரித்து, கடலை ஒட்டிய அடைப்பில் நத்தையும் சிப்பியும் தேடித் தின்னப் பழக்கி, 2023-லிருந்து விடுகிறார்கள். தொட்டியில் வாழ்ந்த சுறா ஒன்றுகூட அங்கே போகவில்லை.

#20 அலைவரிசை

முட்டையை அனுப்பியது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, விடவேண்டாம். அப்போது கெளுத்தியை என்ன செய்வது? "விடாதே" என்று சொல்வது சுலபம். வழி சொல்லுங்கள்.

#21 பாசிபடிந்தவன்

நியாயமான கேள்வி. வாங்கிய கடை சில நேரம் திரும்ப எடுக்கும், ஆனால் இது வாங்கிய மீன் இல்லை. பொதுக் காட்சியகங்களில் கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள், இப்படி வருகிற பெரிய கெளுத்திகளுக்கு அங்கே வரிசையே நிற்கும். பெரிய தொட்டிக்காரர் யாரையாவது பிடிப்பதுதான் உருப்படியான வழி. வடிகாலோ வாய்க்காலோ தொடாத தொட்டியாக இருக்கவேண்டும், மழையில் வழிந்து வெளியே போகக்கூடாது. கொடுக்கும்போது இந்த இழையையும் கொடுங்கள், அவர் நாளைக்கு அதே குளத்தில் விட்டால் நாம் பேசியதெல்லாம் வீண்.

யாருமே கிடைக்காவிட்டால் கடைசி வழி கருணைக் கொலை. கிராம்பு எண்ணெயை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து மயக்கத்தில் ஆழ்த்தி முடிப்பார்கள். அளவை ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கழிப்பறையில் தள்ளுவதும் உயிரோடு பிரீசரில் வைப்பதும் கருணையில் சேராது. இதைப் படிக்கச் சங்கடமாக இருக்கும். எழுதவும் அப்படித்தான் இருக்கிறது.

#22 ஓட்டுக்குள்

கெளுத்திக்காரன், எங்களிடம் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. எட்டுக்கு ஐந்தடி, மேலே கூரை, வழிகுழாய்க்குக் கம்பிவலை அடித்திருக்கிறேன். உள்ளே இப்போது மீன் எதுவும் இல்லை. தனிச்செய்தி அனுப்புகிறேன்.

ஆமைக்குச் செய்யாததை இதற்காவது செய்கிறேனே.

#23 கெளுத்திக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், வீடு மாற்றுகிற வேலை.

கெளுத்தி ஓட்டுக்குள் வீட்டில்தான். பையன்தான் வாளியைப் பிடித்துக்கொண்டு வந்தான். குளம் வழியாகத்தான் வண்டி போயிற்று, அவன் குளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. முதல் ரெண்டு நாள் மூலையிலேயே கிடந்ததாம், தீனி எடுக்கவில்லையாம். மூன்றாம் நாள் ஓட்டுக்குள் எதையோ தேடி டப்பாவைக் கீழே போட்டிருக்கிறார், சத்தத்துக்கு மேலே வந்துவிட்டதாம்.

தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மேட்டில் மரத்தடியில் ஊற்றினேன். செடிகளை வெயிலில் முறுக முறுகக் காயவைத்துக் குப்பையில் போட்டேன். வலையையும் வாளியையும் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தாயிற்று.

#24 நுண்ணோக்கி

பில்டர் பஞ்சை என்ன செய்தீர்கள்?

#25 கெளுத்திக்காரன்

கழுவி எடுத்துவைத்திருக்கிறேன். புது வீட்டில் சின்னத் தொட்டி ஒன்று வைக்கலாம் என்று.

#26 நுண்ணோக்கி

பிரித்துப் பாருங்கள். உள்மடிப்பில்.

#27 கெளுத்திக்காரன்

நத்தை. ரெண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. மூன்று வாரம் காய்ந்த பஞ்சில், ஓட்டின் வாயை மூடிக்கொண்டு.

தண்ணீரில் போட்டதும் ஒன்று மெதுவாக நகர்கிறது.